சமையலறைச் சுவரை எடுத்தால் பாரம் எங்கே போய் உட்காரும்?

கேள்வி: கும்பகோணத்தை ஒட்டிய ஒரு நகரில் எங்கள் வீடு. என் மாமனார் 1986-ல் தரைத்தளம் கட்டினார். 1999-ல் மாடி எடுத்தோம், அதில் இப்போது வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். தென்கிழக்கு மூலையில் சமையலறை, 8-க்கு 11 அடி. அதற்கு வடக்கே சாப்பாட்டு அறை, 12-க்கு 11. நடுவில் 11 அடி நீளச் சுவர், அதில் ஒரு கதவு. மகளும் மருமகனும் இந்தச் சுவரை முழுக்க எடுத்து ஓப்பன் கிச்சன் ஆக்கிவிடலாம் என்கிறார்கள். எங்கள் மேஸ்திரி, "ஆறு இன்ச் கர்டர் ரெண்டு போட்டு ரெண்டு நாள்ல எடுத்துடலாம்மா, மேல ஒரே கான்கிரீட் தளம்தானே, அது பாட்டுக்கு நிக்கும்" என்கிறார். கதவு ஓரத்தில் அளந்தால் சுவர் பத்து அங்குலம் வருகிறது. மாடியிலும் அதே இடத்தில் சுவர் இருக்கிறது. மொட்டை மாடியில் சமையலறைக்கு நேர் மேலே ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி. எடுக்கலாமா? எனக்குப் பயமாக இருக்கிறது. கையால் போட்ட வரைபடம் இணைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்:

அம்மா, நீங்கள் பயப்படுவது சரிதான். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். 11 அடியையும் எடுக்க வேண்டாம். நடுவில் ஆறடிக்குத் திறந்துகொள்ளுங்கள். இரண்டு ஓரத்திலும் இரண்டரை அடிச் சுவர் அப்படியே நிற்கட்டும். அதையும் ஒரு கட்டமைப்புப் பொறியாளர் நேரில் வந்து பார்த்து, படம் போட்டுக் கொடுத்த பிறகு செய்யுங்கள். இனி இது ஏன் என்று சொல்கிறேன். மருமகனிடமும் இதைப் படிக்கக் கொடுங்கள்.

உங்கள் சுவர் பாரம் தாங்கும் சுவர்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒன்பது அங்குலச் செங்கல், இரண்டு பக்கமும் அரை அங்குலப் பூச்சு, ஆக பத்து. வெறும் தடுப்புச் சுவராக இருந்தால் பூச்சோடு ஐந்தரை, ஆறு அங்குலம்தான் வரும். 1986-ல் டெல்டா ஊர்களில் தனி வீடுகளைப் பெரும்பாலும் தூண் இல்லாமல் சுவர் மேலேயே தளம் போட்டுத்தான் கட்டினார்கள். மாடியிலும் அதே இடத்தில் சுவர் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 1999-ல் மாடி எடுத்தவர் கீழ்ச் சுவரை நம்பித்தான் மேல்ச் சுவரை ஏற்றியிருக்கிறார். (இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: நாலரை அங்குலச் சுவர் என்பதாலேயே எதுவும் தாங்கவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வருஷக்கணக்கில் தளம் லேசாகத் தாழ்ந்து அந்தச் சுவர் மேல் சாய்ந்திருக்கலாம். தூண் வைத்த வீடுகளிலும் இதைப் பார்த்திருக்கிறேன்.)

சரி, இந்தச் சுவர் எவ்வளவு தாங்குகிறது? உங்கள் வரைபடத்தை வைத்துத் தோராயமாகக் கணக்குப் போட்டேன். சமையலறைத் தளம் எட்டடிப் பக்கம் குறுகலாக இருப்பதால், அதன் பாரத்தில் பெரும்பங்கு வடக்கிலும் தெற்கிலும் உள்ள நீளச் சுவர்களுக்குப் போகும். சாப்பாட்டு அறை கிட்டத்தட்டச் சதுரம், அதனால் அந்தத் தளம் நாலு சுவர் மேலும் ஏறக்குறைய சமமாகச் சாய்ந்திருக்கும். இரண்டிலும் இந்தச் சுவரின் பங்கைக் கூட்டினால் ஒவ்வொரு தளத்திலும் சுமார் 58 சதுர அடி. தளம் தொடர்ச்சியாகப் போகும் இடத்தில் நடுச் சுவருக்குக் கூடுதல் பங்கு விழும், ஆகவே 70 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம்.

முதல் தளத்துக்குக் கான்கிரீட், டைல்ஸ், ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து சதுர அடிக்கு ஏறக்குறைய 55 கிலோ. மொட்டை மாடிக்கு, மேலே போட்ட சுருக்கித் தளமும் (செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவை) தட்டோடும் சேர்த்து 60 கிலோ. ஆக கீழ்த்தளத்துக் கூரையில் இருந்து 3.8 டன், மேல்க் கூரையில் இருந்து 4.2 டன். மாடிச் சுவரின் சொந்த எடை சுமார் 5 டன். மொத்தம் 13 டன். அதோடு தண்ணீர்த் தொட்டி. ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன், அதில் ஒரு பங்கு இந்தச் சுவருக்கு. பதினான்கு டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மேஜைக்கு மேலே இருக்கும் பாரம் இது.

"ஒரே தளம், அது பாட்டுக்கு நிக்கும்" என்கிறாரே மேஸ்திரி, அதற்கு வருகிறேன். கான்கிரீட்டுக்கு அழுத்தம் தாங்கத் தெரியும், இழுவை தாங்கத் தெரியாது. இழுவை வரும் இடத்தில்தான் கம்பி போடுகிறோம். அறையின் நடுவில் தளத்தின் அடிப்பக்கம் இழுபடும். சுவருக்கு மேலே நேர்மாறாக மேல்ப்பக்கம் இழுபடும். அதனால் அந்தக் காலத்தில் ஒன்றுவிட்டு ஒரு கம்பியைச் சுவர் நெருங்கும் இடத்தில் வளைத்து மேலே ஏற்றிவிடுவார்கள். கிராங்க் அடிப்பது என்று கம்பி கட்டுபவர்கள் சொல்வது அதைத்தான். அப்படிச் செய்திருந்தால், இந்தச் சுவருக்கு நேர் மேலே தளத்தின் அடியில் பாதிக் கம்பிதான் இருக்கும். சுவரை எடுத்துவிட்டால் எட்டும் பன்னிரண்டும் சேர்ந்து இருபதடி, நடுவில் தாங்கல் இல்லாத ஒரே தாவலாகிவிடும். அந்த இருபதடிக்கு நடுப்பகுதி எங்கே வருகிறது? பழைய சுவர் இருந்த இடத்துக்கு ஓரிரு அடி தள்ளி. கம்பி மிகக் குறைவாக இருக்கும் இடத்திலேயே இழுவை மிக அதிகமாக வரும். போதாததற்கு மாடிச் சுவரும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது.

சில நாள் நிற்கலாம், சில மாதம்கூட நிற்கலாம். பக்கத்துச் சுவர்கள் கொஞ்சம் பாரத்தை வாங்கிக்கொள்ளும். அப்படி நின்ற வீடுகளைக் காட்டித்தான் மேஸ்திரிகள் தைரியம் சொல்கிறார்கள். ஆனால் கணக்கில் நிற்காததை நம்பி மாடியில் ஒரு குடும்பத்தைக் குடி வைக்க முடியாது.

இனி கர்டர். ஆறு அங்குல ஐ-பீம் (ஆங்கில I எழுத்து வடிவ இரும்பு) என்றால் கடையில் ஐஎஸ்எம்பி 150 என்று கேட்பார்கள். இரண்டு துண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 11 அடிக்குப் போட்டு, 14 டன்னை ஏற்றிப் பார்த்தேன். சாதாரண இரும்பில் சதுர மில்லிமீட்டருக்கு 165 நியூட்டன், அதாவது சுமார் 17 கிலோ விசை, வரைதான் வேலை வாங்கலாம். 250-ல் இரும்பு இளகும், அதற்கு மேல் வளைந்தால் திரும்ப நிமிராது. உங்கள் மேஸ்திரியின் கர்டர்களில் வரும் அளவு 300-க்கு மேல். அதாவது நிரந்தரமாக வளைந்துவிடும். அப்படி வளைவதற்கு முன்பே நடுவில் கிட்டத்தட்ட ஓர் அங்குலம் தொங்கும். தளம் அவ்வளவு தாழ்ந்தால் மாடிச் சுவரில் படிக்கட்டு மாதிரி விரிசல் ஓடும்.

அதே 11 அடிக்கு பன்னிரண்டு அங்குல ஐ-பீம் ஒன்று போட்டால் கதை மாறிவிடுகிறது. எடை அந்த இரண்டு துண்டுகளைப் போல ஒன்றரை மடங்குதான், ஆனால் பலம் மூன்று மடங்கு, தொங்காமல் விறைத்து நிற்கும் தன்மை ஆறு மடங்கு. உயரமான இரும்புக்கு இருக்கும் லாபம் அது. நடுவில் தொங்குவதும் ஐந்து மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். இந்த எண்ணை எழுதிக்கொண்டு இரும்புக் கடைக்குப் போய்விடாதீர்கள், இது நான் உட்கார்ந்த இடத்தில் போட்ட கணக்கு. இரும்பைப் பெரிசாக்கினால் உத்தரத்தின் பிரச்சினை தீரும் என்று காட்டத்தான் சொன்னேன். அதற்கு அடுத்த பிரச்சினை இரும்பால் தீராது.

உத்தரம் போடும் வேலையில் எல்லோரும் நடுவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் போய்ப் பார்த்த வீடுகளில் கோளாறு பெரும்பாலும் இரண்டு முனைகளில்தான் இருந்தது. இதுவரை 11 அடிச் சுவர் முழுவதும் பரவி இறங்கிய 14 டன், இனி இரண்டு இடத்தில், முனைக்கு 7 டன்னாக இறங்கும். ஒன்பதுக்கு ஒன்பது அங்குலச் செங்கல் மேல் முனையை உட்கார வைத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 13 கிலோ அழுத்தம். நம்மூர்ச் செங்கல் சுவர் மேல் பாதுகாப்பாக வைக்கக்கூடியது மூன்றரை கிலோவில் இருந்து ஐந்து கிலோ வரை. 1986-ல் காளவாசல் நாட்டுச் செங்கல்லில் கட்டியிருந்தால் கீழ்ப்பக்க அளவைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், சேம்பர் செங்கல் (சூளை அறைகளில் சீராகச் சுட்டது) என்றால் கொஞ்சம் தாராளம். எப்படிப் பார்த்தாலும் தாங்கக்கூடியதைப் போல இரண்டரை மடங்குக்கு மேல்.

இப்படி உட்கார வைத்த ஒரு வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். உத்தரம் கம்பீரமாகத்தான் இருந்தது, பெயின்ட்கூட அடித்திருந்தார்கள். முனைக்குக் கீழே பூச்சைத் தட்டினேன், கொட் கொட்டென்று உள்ளே வெறுமையாகச் சத்தம் வந்தது. பூச்சைக் கொத்தி எடுத்தால் மேல் இரண்டு வரிசைச் செங்கல் நெடுக்காகப் பிளந்திருந்தது. விரலால் நிமிண்டினால் செம்பொடி உதிர்ந்தது. மாடிப் படுக்கையறைக் கதவு மூடவில்லை என்று தச்சரைக் கூப்பிட்டு இரண்டு தடவை இழைத்திருக்கிறார்கள். கதவில் ஒரு குறையும் இல்லை, நிலை கோணியிருந்தது.

இதற்கு மாற்று, முனைக்கு அடியில் ஒரு கான்கிரீட் படுகை. பெட் பிளாக் என்று சொல்லுவோம். ஏழு டன்னைச் சதுர சென்டிமீட்டருக்கு நாலு கிலோவாகப் பரப்ப வேண்டுமானால், ஒன்பது அங்குலச் சுவர் மேல் இரண்டரை அடி நீளத்துக்குப் படுகை வேண்டும். உங்கள் படத்தில் கிழக்கு வெளிச் சுவரைப் பாருங்கள். எடுக்க நினைக்கும் சுவர் போய் முட்டும் இடத்தில் இருந்து இரண்டடியில் சமையலறை ஜன்னல் தொடங்குகிறது. சுவரை முழுக்க எடுத்தால் உத்தரத்தின் கிழக்கு முனை உட்காரப்போவது இந்த ஜன்னல் ஓரத்துக் குச்சிச் சுவர் பக்கம்தான். அந்தத் துண்டு ஏற்கெனவே ஜன்னலுக்கு மேலே இருக்கும் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அங்கே இன்னொரு ஏழு டன்னை வைக்க எனக்கு மனம் வராது.

தூண் வைத்துவிடலாமே என்று மருமகன் கேட்பார். வைக்கலாம். ஆனால் தூணுக்குத் தனிக் கடைக்கால் வேண்டும். ஏற்கெனவே இரண்டு தளம் ஏறி நிற்கும் சுவரின் அஸ்திவாரத்தை ஒட்டி, அதற்கும் கீழே, களிமண் கலந்த வண்டலில் பள்ளம் தோண்ட வேண்டும். உங்கள் ஊர் மண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். புது அஸ்திவாரம் தன் பாட்டுக்குக் கொஞ்சம் இறங்கும், பழைய சுவர் முப்பது வருஷத்துக்கு மேலாக இறங்கி முடித்துவிட்டது. இரண்டும் சேரும் இடத்தில் விரிசல் வராமல் செய்வது முடியாத காரியம் இல்லை. ஆனால் ஒரு சமையலறைக்காக இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று யோசியுங்கள்.

அதனால்தான் ஆறடி என்கிறேன். 11 அடியில் நடு ஆறடியைத் திறந்தால் இரண்டு பக்கமும் இரண்டரை அடி மிஞ்சும். உங்கள் கதவு நடுவில் இருந்து சற்று மேற்கே இருக்கிறது, அதுவும் இந்த ஆறடிக்குள் அடங்கிவிடுகிறது. ஆக புதிதாக எடுப்பது மூன்றடியும் சில்லறையும்தான். உத்தரத்தைத் தளத்துக்கு அடியில் ஒட்டிப் போடாமல் ஏழடி உயரத்தில், லிண்டல் (கதவு, ஜன்னல் தலைக்கு மேலே வரும் சிறு உத்தரம்) மட்டத்தில் போடுங்கள். அதற்கு மேலே மூன்றடிச் சுவர் இருந்தபடி இருக்கும். தளமும் சுவரும் சேரும் இடத்தில் கை வைக்கவே வேண்டாம். எஞ்சிய சுவர்த் துண்டுகளுக்கு அடியில் அவற்றின் சொந்த அஸ்திவாரம் இருக்கிறது, ஜன்னல் ஓரத்துக்கும் தொந்தரவு இல்லை.

கர்டர் கணக்கும் இங்கே மேஸ்திரி பக்கம் சாய்கிறது. ஆறடித் திறப்புக்கு மேலே வரும் பாரம் சுமார் ஒன்பது டன். தாவல் குறைந்ததால் ஆறு அங்குல இரும்பு இரண்டே 165-க்குள் அடங்கிவிடுகிறது, நடுவில் தொங்குவது நாலு மில்லிமீட்டர். அவரிடம் இதைச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். அவர் அனுபவத்தில் ஆறடிக் கடைத் திறப்புகளுக்கு இதே இரும்பைப் போட்டு நின்றிருக்கும், அந்த நம்பிக்கையில்தான் 11 அடிக்கும் சொல்லியிருப்பார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டரை அடித் துண்டு ஒவ்வொன்றின் மேலும் வரும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு நாலு கிலோ. நல்ல செங்கல்லுக்கு இது சரி, மட்டமான செங்கல்லுக்கு எல்லையைத் தாண்டுகிறது. ஆகவே முதல் வேலை, இரண்டு ஓரத்திலும் ஒரு சதுர அடிக்குப் பூச்சை எடுத்துவிட்டுச் செங்கல்லையும் சாந்தையும் பார்ப்பது. ஆணியால் கீறினால் சாந்து மணலாகக் கொட்டுகிறதா, செங்கல்லைத் தட்டினால் கணீரென்று சத்தம் வருகிறதா, உப்புப் பூத்து அரித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சமையலறைப் பக்கம் பாத்திரம் கழுவும் தொட்டி இந்தச் சுவரை ஒட்டி இருந்தால் அங்கே ஈரம் ஏறிச் செங்கல் நொய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சுவர் சரியில்லை என்றால் பொறியாளர் திறப்பை ஐந்தடியாகக் குறைக்கலாம், அல்லது துண்டுகளைக் கம்பி வலை கட்டிக் கான்கிரீட் பூசிப் பலப்படுத்தச் சொல்லலாம். ஓரிடத்தில் சுவரை ஒட்டிக் குழி தோண்டி அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்றும் பார்ப்பார். அதை வேண்டாம் என்று தடுக்காதீர்கள். 1986-ல் மாடியை மனதில் வைத்து அஸ்திவாரம் போட்டார்களா என்பதற்கு வேறு சாட்சி இல்லை.

இடையில் பரணைப் பற்றி. உங்கள் படத்தில் இதே சுவரில் சமையலறைப் பக்கம் இரண்டடிப் பரண் காட்டியிருக்கிறீர்கள். அந்தக் காலத்துப் பரண் சுவருக்குள் சொருகி வார்த்தது. அதன் மேல் ஏறி நிற்கும் சுவரின் எடைதான் அது கவிழாமல் பிடித்துவைத்திருக்கிறது. மேலே இருக்கும் செங்கல்லைத் தளர்த்தினால் அண்டா, குண்டா, பித்தளைத் தவலையோடு பரண் கீழே வரும். எல்லாவற்றையும் இறக்கி, திறப்பு வரும் நீளத்துக்கும் இரண்டு பக்கம் கொஞ்சம் தள்ளியும் பரணை முதலில் வெட்டி எடுத்துவிட வேண்டும். சுவரில் செருகிய கடப்பாக்கல் அலமாரி இருந்தால் அதுவும் போகட்டும். மொட்டை மாடித் தொட்டியில் இருந்து இறங்கும் குழாய், பழைய மின்சாரக் குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்று பார்த்து நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

வேலை நடக்கும் முறை இதில் மிக முக்கியம், படத்தில் இதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வேலை முடியும்வரை மாடியில் இருப்பவர்கள் அங்கே தங்கக் கூடாது. நேரத்தோடு சொல்லி, அதுவரை உறவினர் வீட்டுக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள், அந்த நாட்களின் வாடகையை நீங்கள் விட்டுக்கொடுப்பது மரியாதை. தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்யுங்கள். முடிந்தால் இதையே சாக்காக வைத்து நாலு சுவர் சேரும் வேறு மூலைக்கு மாற்றிவிடுங்கள்.

முட்டுக் கொடுப்பது கீழே மட்டும் போதாது. கூரையின் பாரம் மாடிச் சுவர் வழியாகத்தான் கீழே வருகிறது. கீழ்த்தளத்துக் கூரைக்கு இரண்டு பக்கமும் ஜாக்கி கொடுத்தால் அந்த ஒரு தளத்தைத்தான் பிடிக்கும், நடுவில் உட்கார்ந்திருக்கும் மாடிச் சுவரைப் பிடிக்காது. ஆகவே மாடியிலும் சுவரின் இரண்டு பக்கமும் கூரைக்கு முட்டு வேண்டும். மேல் முட்டும் கீழ் முட்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும், தள்ளி நின்றால் நடுத்தளத்தைக் குத்தும். சவுக்குக் கட்டையை விட இரும்பு ஜாக்கி நல்லது, திருகி இறுக்கலாம். கீழே டைல்ஸ் மேல் நேராக நிறுத்தாமல் இரண்டு அங்குலப் பலகையை நீளமாகப் போட்டு அதன் மேல் நிறுத்துங்கள். தரைக்கு அடியில் வெறும் மணல் நிரப்புதான், ஒற்றை ஜாக்கி டைல்ஸை உடைத்துக்கொண்டு இறங்கிவிடும். இறுக்கும்போது தளத்தை மேலே தூக்கிவிடவும் கூடாது. கையால் அசைத்தால் ஆடாத அளவுக்கு இருந்தால் போதும்.

அப்புறம் சுவரை ஒரே மூச்சில் இடிக்காமல் பாதிப் பாதித் தடிமனாகப் போக வேண்டும். ஆறடிக்கு இரண்டு ஐ-பீமை விட இரண்டு ஆறு அங்குலச் சேனல் (ஆங்கில C எழுத்து வடிவ இரும்பு) வசதி, பலமும் ஏறக்குறைய அதேதான். முதலில் முனைப் படுகைகளைச் சுவரில் வெட்டி வார்த்து, ஒரு வாரமாவது தண்ணீர் காட்டுங்கள். பிறகு சமையலறைப் பக்கம் நாலரை அங்குல ஆழத்துக்கு மட்டும் ஏழடி மட்டத்தில் நீளக் காடி வெட்டி முதல் சேனலைச் செருக வேண்டும். சேனலுக்கும் மேல்ச் செங்கல்லுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் இரும்பு ஆப்பு அடித்து, சுருங்காத கலவையை இறுக்கித் திணிக்க வேண்டும். இந்த இடைவெளியை மேலோட்டமாகப் பூசிவிட்டால் சுவர் அந்த அளவு இறங்கி வந்துதான் உத்தரத்தைத் தொடும். கலவை கெட்டிப்பட்ட பிறகு சாப்பாட்டு அறைப் பக்கம் இரண்டாவது சேனல். இரண்டையும் சேர்த்து போல்ட் போட்டு முறுக்கி, அதற்கும் கலவை கெட்டிப்பட்ட பிறகுதான் கீழே இருக்கும் சுவரை எடுக்க வேண்டும். அதையும் சம்மட்டி போட்டு அடிக்காமல், ஓரங்களை மிஷின் வைத்து அறுத்துவிட்டு, மேலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுக்கட்டும். மேஸ்திரி சொன்ன இரண்டு நாள் இதில் நடக்காது.

இரும்புக்குப் பதில் கான்கிரீட் உத்தரம் வார்க்கலாமா என்றால், வார்க்கலாம். ஆனால் இருபதடிக்கு உட்பட்ட உத்தரத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 456 சொல்வது குறைந்தது 14 நாள் முட்டு. நிற்கும் சுவருக்கு நடுவில் கான்கிரீட்டைச் சந்து இல்லாமல் நிரப்புவதும் கஷ்டம். எனக்கு இங்கே இரும்புதான் பிடிக்கும். சேனலுக்கு ரெட் ஆக்சைடு அடித்து, கோழி வலை சுற்றி, கனமாகப் பூசிவிடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வெற்று இரும்பு இருக்கக் கூடாது. தீப்பிடித்தால் செங்கல்லை விட இரும்புதான் சீக்கிரம் பலம் இழக்கும்.

மகள் ஏமாற்றப்பட்டதாக நினைக்க வேண்டாம். ஆறடித் திறப்பில் மூன்றடியை நடக்க விட்டுவிட்டு, மிச்ச மூன்றடியில் இடுப்பு உயரத்துக்குச் சுவரை வைத்து மேலே கிரானைட் போட்டால் பரிமாறும் மேடையாகிவிடும். ஏழடிக்கு மேலே தொங்கும் மூன்றடிச் சுவர் இன்னொரு உபகாரம் செய்யும். நம் வீட்டுத் தாளிப்பு நெடியும் மிளகாய் வறுக்கும் புகையும் கூரையோடு ஓடிச் சாப்பாட்டு அறை சோபாவில் போய்ப் படியாமல் சிம்னி பக்கமே நிற்கும். முழுக்கத் திறந்த சமையலறை வைத்துவிட்டு, பிறகு கண்ணாடித் தடுப்பு போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

யாரைக் கூப்பிடுவது? வீட்டு வரைபடம் போடுபவர் வேறு, கட்டமைப்புப் பொறியாளர் வேறு. இரண்டாமவர்தான் வேண்டும். கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ கிடைப்பார், இல்லையென்றால் திருச்சி என்.ஐ.டி. போன்ற கல்லூரிகளின் சிவில் துறைகளில் ஆலோசனை வேலை எடுத்துச் செய்கிறார்கள். அவர் கையெழுத்துப் போட்ட படத்தில் உத்தரத்தின் அளவு, படுகையின் அளவும் கம்பியும், முட்டு நிற்கும் இடங்கள், வேலையின் வரிசை நான்கும் இருக்க வேண்டும். "பார்த்தேன், செய்யலாம்" என்று வாயால் சொல்லிவிட்டுப் போகிறவருக்குக் காசு கொடுக்காதீர்கள். டைல்ஸ் மாற்றுவது, பூச்சு வேலை மாதிரி இல்லை இது, கட்டடத்தின் அமைப்பையே மாற்றுவது. படத்தை எடுத்துக்கொண்டு உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி பற்றியும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் இருந்தால் அவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உங்கள் மேஸ்திரியை மாற்ற வேண்டியதில்லை. நீண்ட நாள் பழக்கம் உள்ளவர் என்று தெரிகிறது. படத்தைக் கொடுத்து, பொறியாளர் வரும் நாளில் அவரையும் பக்கத்தில் நிற்க வையுங்கள். முட்டு நிறுத்திய அன்றும், சுவரில் முதல் கல்லை எடுக்கும் அன்றும், முட்டைத் தளர்த்தும் அன்றும் பொறியாளர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று கூலி பேசும்போதே சொல்லிவிடுங்கள். ஜாக்கிகளை ஒரே நாளில் உருவாமல் மேல் மாடியில் இருந்து தொடங்கி, ஒன்றுவிட்டு ஒன்றாக, கால் திருகு அரைத் திருகாகத் தளர்த்துவார்கள்.

வேலை தொடங்கும் முன் இரண்டு தளத்திலும் இப்போது இருக்கும் விரிசல்கள் ஒவ்வொன்றின் முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவிடுங்கள், போனில் படமும் எடுத்துவையுங்கள். முடிந்த பிறகு முதல் மாதம் வாரம் ஒரு தடவை பாருங்கள். முடி அளவு பூச்சு விரிசல் வந்தால் கவலை வேண்டாம். கோட்டைத் தாண்டி விரிசல் நீண்டால், உத்தர முனைக்குக் கீழே நெடுக்காகப் புது விரிசல் வந்தால், மாடியில் கதவு இறுகினால் அல்லது டைல்ஸ் எழும்பினால், பூசி மறைக்காமல் அன்றே பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் அஸ்திவாரக் குழி தோண்டினால் உங்கள் பக்கம் தண்ணீர்தான் நிற்கும். மழை விட்டு, பொங்கல் முடிந்து தை கடைசியில் தொடங்குங்கள். அதற்குள் பொறியாளர் பார்த்துப் படம் தரவும், மாடிக் குடும்பம் ஏற்பாடு செய்துகொள்ளவும் நேரம் சரியாக இருக்கும். படம் கைக்கு வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.